கொம்பு வைத்த பெயர்கள்

போர்ட் பிளேரில் இரும்பு அலமாரி வாங்குவது வீண் வேலை, மாஸ்டர். உப்புக் காற்றில் இரண்டு மழைக்காலம் தாங்கும். மூன்றாவது மழையில் இழுப்பறையை இழுத்தால் கைப்பிடி மட்டும் கையோடு வரும். அதனால்தான் 1958இல் தீவு விளையாட்டு மன்றத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்த கையோடு, படாக் மரத்தில் நான்கு இழுப்பறை வைத்து ஒரு பெட்டி செய்து தரச் சொல்லி மேலே எழுதினேன். எழுதி எழுதியே வாங்கினேன். இன்றைக்கும் ஒரு விரலால் இழுத்தால் வழுக்கிக்கொண்டு வருகிறது.

இதை உங்களுக்குத்தான் எழுதுகிறேன். ஆனால் நீங்கள் மட்டும் படிக்கப்போவதில்லை என்பது தெரியும். ஆபீசில் எனக்கு உதவிக்கு இருக்கும் ஜெயமணி அந்த அட்டையை உங்களிடம் கொண்டுபோய்க் கொடுத்து இன்றோடு நான்கு நாள். நான்கு நாளாக நீங்கள் என் வீட்டுப் பக்கம் தலைகாட்டவில்லை. உங்கள் பக்கத்தில் காக்கிச் சட்டைக்காரர் யாராவது உட்கார்ந்து இதைப் படிக்கக்கூடும். அதனால் உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்தே சொல்கிறேன். இது யார், அது எப்போது என்று யாரும் நடுவில் கேட்கவேண்டி இருக்கக்கூடாது. ஒழுங்காகச் சொல்வது என் பழக்கம்.

நீங்கள் உதயசூரியன், பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர், திருநெல்வேலிக்காரர். நான் ஜெகநாதன், கடலூர்க்காரன். ஒருநாள் காலை படகைப் பிடிக்க நான் துறைமேடையில் ஓடியபோது பின்னால் ஒரு குரல் கேட்டது. "ஏலே, நில்லு. நீ எங்க வேல பாக்க?" படகு போய்விட்டது. நீங்கள் என் முழங்காலைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தீர்கள். மாட்டுச் சந்தையில் பார்ப்பார்களே, அதுபோல. எனக்குக் கோபமே வரவில்லை. கப்பல் ஏறி இந்த ஊருக்கு வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. அதுவரை என்னை யாரும் அப்படி உற்றுப் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு ஐந்து வருடம் விடிகாலையில் திடலில் நீங்களும் நானும்தான். ஆயிரத்து ஐந்நூறு மீட்டரை நான்கு நிமிடம் இருபத்திரண்டு வினாடியில் ஓடினேன். தீவில் அதுவரை யாரும் ஓடாத வேகம். அன்றைக்கு உங்கள் கழுத்திலிருந்த நிறுத்துக் கடிகாரத்தைக் கழற்றி என் கழுத்தில் மாட்டினீர்கள். "இன்னைக்கு ஒரு நா இது உனக்கு" என்றீர்கள். அபர்தீன் பஜாரில் ஜெய்னுதீன் பாய் கடையில் அதைக் கழுத்தில் போட்டபடியே டீ குடித்தேன். பாய் கேட்டார், "க்யா பாத் ஹை, என்ன விசேஷம், மாஸ்டர் ஊட்டு மாப்பிள்ளையா நீ?" நீங்கள் சிரித்தீர்கள். எனக்கு அந்தக் கேள்வி மிகவும் பிடித்திருந்தது.

இனி அட்டைகளைப் பற்றி. இது இல்லாமல் மற்றது புரியாது.

தீவுகளில் ஓடுபவன், உதைப்பவன், எறிபவன், படகு வலிப்பவன், எல்லோருக்கும் ஆளுக்கு ஓர் அட்டை. பெயர், ஊர், வேலை, என்ன விளையாட்டு, எத்தனை வினாடி. அட்டையின் பின்பக்கம் உடல்நிலைக்கு ஒரு கட்டம். பழைய காயம், வலிப்பு, ஒவ்வாத மருந்து. எல்லாம் ஆங்கில அகரவரிசையில் மேல் மூன்று இழுப்பறைகளில் இருந்தன. கார் நிகோபார்க்காரர்களின் பெயர்களில் மட்டும் ஒரு சங்கடம். சில எழுத்துகளுக்கு மேலே இரண்டு புள்ளி வைப்பார்கள், சிலவற்றுக்கு ஒரு சாய்கோடு. நம் தட்டச்சு இயந்திரத்தில் அதெல்லாம் ஏது? 1960 போட்டியில் புள்ளிகளை விட்டுவிட்டு அடித்துத் தள்ளினேன். புள்ளி வைத்தால் ஒருவன், வைக்காவிட்டால் வேறொருவன் என்று இருந்த இரண்டு பேரும் ஒரே அட்டையில் ஒட்டிக்கொண்டார்கள். ஈட்டி எறிந்தவனின் சான்றிதழ் படகு வலித்தவனுக்குப் போய்ச் சேர்ந்தது. அவர்கள் தீவிலிருந்து ஒரு பெரியவர் கப்பலேறி வந்து, குரலே உயர்த்தாமல், ஒருவன் பெயரை இன்னொருவனுக்குக் கொடுக்க நீ யார் என்று கேட்டுவிட்டுப் போனார். மேலதிகாரி என்னை நிற்கவைத்துக் காய்ச்சி எடுத்தார்.

அப்போதுதான் நான் அந்த முறையைக் கண்டுபிடித்தேன். மேலே குறி வைத்த பெயர்களுக்குக் கொம்பு வைத்த பெயர்கள் என்று நானே பெயர் சூட்டினேன். அவற்றை அடித்துவிட்டு, குறியைப் பேனாவால் போடுவேன். அந்த அட்டைகள் நான்காவது இழுப்பறைக்கு, அதாவது கீழே போய்விடும். மேலே, குறியில்லாமல் தேடினால் எந்த இடத்தில் இருக்கவேண்டுமோ அந்த இடத்தில் ஒரு மெல்லிய மஞ்சள் சீட்டைச் செருகுவேன். 'கீழே பார்க்க' என்று அதில் இருக்கும். மெயின்லேண்டிலிருந்து வரும் கடிதங்களில் யாரும் கொம்பு போட்டு எழுதுவதில்லை. அவர்கள் எழுதுகிறபடி மேலே தேடினால் சீட்டு கிடைக்கும், சீட்டைப் பிடித்துக்கொண்டு கீழே போனால் ஆள் கிடைப்பான். ஆறு வருடம் ஒரு தப்பு நடக்கவில்லை. சீட்டு இருக்கிறவரை யார் வேண்டுமானாலும் தேடலாம். சீட்டு இல்லாவிட்டால் என் ஒருவனால்தான் கண்டுபிடிக்க முடியும். முறையை உண்டாக்கியபோது இதை நான் யோசிக்கவில்லை. நம்புங்கள்.

எத்தியேன் வந்தது 1964 ஜனவரியில். புதுச்சேரிக்காரன், மரக்கிடங்கில் மேஸ்திரி, இருபத்து மூன்று வயது. நீங்கள் கொண்டுவந்து கொடுத்த பதினொரு பதிவுப் பாரங்களில் ஒன்று அவனுடையது. மறுநாள் அவனே நேரில் வந்தான். இது உங்களுக்குத் தெரியாது.

"சார், என் பேருல மொத எழுத்துக்கு மேல ஒரு கோடு வரும். அது இல்லாம எழுதுனா எங்கம்மா கோச்சிக்கும். பிரெஞ்சுக்காரன் காலத்து சர்ட்டிபிகேட்டுல அப்படித்தான் இருக்கு" என்றான்.

போட்டேன். அவன் எழுந்திருக்கவில்லை.

"இன்னொண்ணு சார். அடிபட்டா ஜன்னி வராம இருக்கக் குதிரை ரத்தத்துலேர்ந்து எடுத்து ஒரு ஊசி போடுவாங்களே, அது எனக்கு ஆகாது. சின்ன வயசுல போட்டு, நாக்கு வீங்கி, மூச்சே நின்னு போச்சு. நர்ஸ் சிஸ்டரு சொன்னாங்க, எங்க போனாலும் மொதல்ல இத சொல்லிடுன்னு."

அதையும் பின்பக்கக் கட்டத்தில் அடித்து, சிவப்பு மையால் அடிக்கோடு இட்டேன். அட்டை இப்போது உங்கள் கையில் இருக்கும். திருப்பிப் பாருங்கள், ஓர் அடித்தல் திருத்தல் கிடையாது.

பிறகு நடந்ததை நீங்கள் வேறுவிதமாக நினைவு வைத்திருப்பீர்கள். எனக்கு நினைவிருப்பது ஒரு செவ்வாய்க்கிழமை. திடலுக்கு வந்தேன். எனக்கு முன்பே அவன் ஓடிக்கொண்டிருந்தான். நீங்கள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கடிகாரத்தை நீட்டினீர்கள். "ஜெகா, நீ இதப் பிடி. நான் இவன் காலப் பாக்கணும்." பிடித்தேன். பிடித்துக்கொண்டே இருந்தேன், இரண்டரை வருடம். ஏப்ரல் மாதம் அவன் நான்கு நிமிடம் ஒன்பது வினாடியில் வந்தான். இரண்டு வினாடி தாமதமாகப் பொத்தானை அழுத்தியிருந்தால் யாருக்குத் தெரியும்? அழுத்தவில்லை. என் கை பொய் சொல்லாது. அன்று மாலை அவன் அட்டையில் நான்கு ஒன்பது என்று நானே அடித்தேன். என் அட்டையிலிருந்த 'தீவுச் சாதனை' என்ற வரியை நானே கோடு போட்டு அடித்துவிட்டேன். நீங்கள் அவனை ஜெய்னுதீன் பாய் கடைக்கு அழைத்துப் போயிருந்தீர்கள்.

வயிறு எரிந்தது என்று சொல்லிவிடுகிறேன். மறைத்து என்ன ஆகப்போகிறது. வேகத்துக்காக இல்லை, என்னைவிட வேகமாக ஓடுகிறவன் என்றைக்காவது வருவான் என்று எனக்குத் தெரியும். அவனை நீங்கள் "ஏலே" என்று கூப்பிட்டீர்கள். அது என்னைக் கூப்பிடுகிற சொல் என்று நினைத்திருந்தேன். அவனுக்கு ஜலதோஷம் என்றால் நீங்கள் சுக்குக் கஷாயம் போட்டுத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு மரக்கிடங்குக்குப் போனீர்கள். எனக்கு மலேரியா வந்து பதினொரு நாள் கிடந்தபோது இரண்டு முறை வந்தீர்கள், இரண்டாவது முறை அவனையும் கூட்டிக்கொண்டு. அவன் என் தலைமாட்டில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக் கொடுத்தான். நல்ல பையன்தான். எனக்கு அவனிடம் குறை சொல்ல ஒன்றுமே கிடைக்கவில்லை. இருந்திருந்தால் எனக்கும் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

1966 மே மாதக் கப்பலில் ஒரு கடிதம் வந்தது. சென்னையில் பயிற்சி முகாம். தீவுப் போட்டியைப் பார்க்க வந்த ஒருவர் அவனைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். இந்தப் பெயரில் உங்கள் பதிவில் ஒருவர் இருக்கிறாரா, இருந்தால் அவருடன் பயிற்சியாளரையும் அனுப்பிவைக்கவும் என்று எழுதியிருந்தார்கள். பெயரில் கொம்பு இல்லை. பயிற்சியாளரையும் என்ற சொல்லைத்தான் நான் இரண்டு தடவை படித்தேன். நீங்களும் அவனுமாக மூன்று நாள் கப்பலில், பிறகு மூன்று மாதம் சென்னையில்.

ஆங்கில ஈ வரிசையில் இருந்த அவனுடைய மஞ்சள் சீட்டை எடுத்து என் மேசை இழுப்பறையில் போட்டேன். பிறகு ஈ வரிசையை முதலிலிருந்து கடைசிவரை தேடினேன். கிடைக்கவில்லை. 'தாங்கள் குறிப்பிட்ட பெயர் எங்கள் பதிவு வரிசையில் காணப்படவில்லை' என்று பதில் அடித்தேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. கடிதம் வந்தது உங்களுக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது. யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. எப்போதும்போல மறுநாள் காலை கடிகாரம் பிடித்தேன். சீட்டைத் திருப்பி வைக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது.

ஆகஸ்ட் பதினேழு, புதன்கிழமை, காலை பதினொன்றரை மணி. வெளியே நல்ல மழை. நீங்கள் ஜீப்பிலிருந்து குதித்து உள்ளே வந்தீர்கள். சட்டையெல்லாம் ரத்தம். மரக்கிடங்கில் அடுக்கு சரிந்து எத்தியேனின் தொடை கிழிந்துவிட்டது, சேற்றோடு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள், அவனுக்கு நினைவில்லை.

"ஜெகா, அவன் கார்ட எடு. புது டாக்டரு கேக்காரு, ஏதாச்சும் ஊசி ஒத்துக்காதான்னு. எனக்கு என்னலே தெரியும்? உன் கார்டுலதான அந்தக் கட்டம் இருக்கு. பத்து நிமிசம் பொறுக்கேன்னு சொன்னாரு. சட்டுனு பாருலே."

மேல் இழுப்பறையைத் திறந்தேன். ஈ வரிசை. நீங்கள் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தீர்கள். உங்கள் மூச்சு என் கழுத்தில் பட்டது. ஒவ்வொரு அட்டையாகத் தள்ளினேன். வேகமாகத் தள்ளவில்லை, ஒன்றையும் தாண்டவில்லை.

"இல்லையே, மாஸ்டர்."

"நல்லாப் பாருலே. நான்தான பாரம் கொண்டாந்து குடுத்தேன்?"

"வந்ததெல்லாம் இந்தப் பெட்டியில்தான் இருக்கு, மாஸ்டர்."

இதுவும் உண்மைதான். நீங்கள் உங்கள் தலையில் அடித்துக்கொண்டீர்கள். "சைக்கிள் பையிலயே விட்டுட்டேனா... அய்யோ, தொலச்சுட்டேனா" என்று சொல்லிக்கொண்டே வெளியே ஓடினீர்கள்.

ஒன்றும் தெரியாத நிலையில் ஒரு டாக்டர் என்ன செய்யவேண்டுமோ அதைத்தான் அவர் செய்தார். சேற்றுக் காயம், ஜன்னி வராமல் தடுக்கவேண்டும். அவர்மேல் பிசகில்லை. ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்க முதலில் தோலுக்கடியில் ஒரு துளி குத்தினாராம். அந்தத் துளியே போதுமானதாக இருந்தது. பன்னிரண்டே காலுக்கு எல்லாம் முடிந்துவிட்டது என்று பிறகு சொன்னார்கள்.

சவப்பெட்டியைத் தூக்கிய நால்வரில் நானும் ஒருவன். இடது பக்கம் முன்னால் நீங்கள், பின்னால் நான். அவன் அம்மாவுக்குத் தந்தி எழுதிக் கொடுத்ததும் நான்தான். தந்தியில் கொம்பு போட வழியில்லை.

அதற்குப் பிறகு நீங்கள் யாருக்கும் கடிகாரம் பிடிக்கவில்லை. திடலுக்கே போகவில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் நேரே என் குவாட்டர்ஸுக்கு வந்துவிடுவீர்கள். முதல் மாதம் தினமும் ஒரே பேச்சுதான். "எத்தன தடவ அந்தப் பையக் கவுத்துப் பாத்தேன் தெரியுமா. எங்க போச்சு அந்தப் பாரம்? நான் குடுக்காமதான் அவன் போயிட்டான், ஜெகா." உங்கள் வாய் கோணும், அழுவீர்கள். நான் உங்கள் முதுகைத் தடவிவிடுவேன். "மனுஷன்தானே மாஸ்டர், மறதி யாருக்கு இல்லை? நீங்க வேணும்னா செஞ்சீங்க?" என்பேன். ஒருநாள் நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்னை விட்டா எனக்கு யாருலே இருக்கா" என்றீர்கள். அன்று நான், நம்மூரில் வஞ்சிரம் என்பார்களே, அந்தச் சுரமை மீன் வாங்கிக் குழம்பு வைத்தேன். நன்றாகச் சாப்பிட்டீர்கள்.

இப்படி ஐந்தரை வருடம், மாஸ்டர். உங்களை நான் எவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொண்டேன் என்பதையும் கணக்கில் எடுக்கவேண்டும். எத்தியேன் இருந்திருந்தால் என்றைக்கோ கல்யாணம் செய்துகொண்டு புதுச்சேரிக்குக் கப்பல் ஏறியிருப்பான். நான் எங்கேயும் போகவில்லை.

இந்த வருடம் ஜெயமணியை எனக்கு உதவிக்குப் போட்டார்கள். திக்லிபூரில் வளர்ந்த பெண், கெட்டிக்காரி. வந்த இரண்டாம் மாதமே பெட்டியைப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "சார், குறி கார்டுமேல இருக்கட்டும். அது அவங்க பேரு, அத நாம எடுக்கக்கூடாது. ஆனா வரிசைல அடுக்கறப்போ குறி இல்லாத மாதிரி வச்சு அடுக்கிட்டா என்ன? ரெண்டு பேர் ஒண்ணா வந்தா ஊரு பாத்துப் பிரிச்சுக்கலாம். எப்படிக் கேட்டாலும் ஆளு கிடைப்பாங்க. மஞ்சச் சீட்டே வேணாமே." யோசித்துப் பார்த்தேன். சரியான யோசனை. பன்னிரண்டு வருடத்தில் எனக்கு ஏன் தோன்றவில்லை என்று வெட்கமாகக்கூட இருந்தது. செய் என்று சொல்லிவிட்டேன்.

கீழ் இழுப்பறையில் அவன் அட்டை இருப்பது எனக்கு நினைவில்லாமல் இல்லை. அதை நான் கிழித்திருக்கலாம், இத்தனை வருடத்தில் எத்தனையோ மழைநாள் அடுப்பில் போட்டிருக்கலாம். கிழித்திருந்தால் என் நான்கு இருபத்திரண்டுதான் இன்றுவரை சாதனை. நான் ஒரு அட்டையைக்கூடக் கிழித்தவன் இல்லை. இதை எனக்குச் சாதகமாக யாராவது எழுதிக்கொள்ளவேண்டும். அவள் சிவப்பு அடிக்கோட்டைப் படித்தாள். தீவில் உங்கள் புலம்பலைக் கேட்காதவர்கள் யார் இருக்கிறார்கள்? என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நேரே உங்களிடம் போய்விட்டாள்.

நீங்கள் கேட்கப்போவது எனக்குத் தெரியும். மறந்துவிட்டாயா, பதற்றத்தில் கீழே பார்க்கத் தோன்றவில்லையா என்று கேட்பீர்கள். அப்படித்தான் இருக்கவேண்டும் என்று நீங்கள் விரும்புவீர்கள். நானும் நான்கு நாளாக அப்படிச் சொல்லிப் பார்த்தேன். வாயில் நிற்கவில்லை.

உங்கள் ஜீப் திரும்பியதும் நான் குனிந்து கீழ் இழுப்பறையைத் திறந்தேன். அவன் அட்டை முன்னால்தான் இருந்தது. எடுத்து மேசைமேல் வைத்து, திருப்பி, சிவப்பு அடிக்கோட்டைப் படித்தேன். டெலிபோன் என் வலது கைக்குப் பக்கத்தில் இருந்தது. எக்ஸ்சேஞ்சில் ஆஸ்பத்திரி என்று ஒரு சொல் சொன்னால் போதும். மழை பெய்தாலும் அன்று லைன் சரியாக இருந்தது, எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தேன். எடுத்ததும் எக்ஸ்சேஞ்சுப் பெண் "நம்பர் ப்ளீஸ்" என்றாள். அப்போது உங்கள் சட்டையில் இருந்த ரத்தம் நினைவுக்கு வந்தது. எனக்காக நீங்கள் ஒருநாளும் அப்படி மழையில் ஓடியதில்லை. "ஒன்றுமில்லை" என்று சொல்லிவிட்டு வைத்தேன். சுவரில் கடிகாரம் இருந்தது. பதினொன்று நாற்பத்து மூன்று. பன்னிரண்டே கால் வரை அட்டைக்கு எதிரில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கோபமே இல்லை, பயமும் இல்லை. நான்தான் அவனைக் கொன்றேன், மாஸ்டர். நீங்கள் எந்தப் பாரத்தையும் தொலைக்கவில்லை. அந்தப் பாரம் பத்திரமாக இருந்தது.

இதைச் சொன்னதும் எனக்குப் பாரம் இறங்கியமாதிரி இருக்கிறது. உங்களுக்கும் இறங்கியிருக்கும். எத்தியேன் விஷயத்தை இனி நாம் பேசவேண்டியதில்லை. அந்தப் பழைய பொறாமையெல்லாம் எனக்கு என்றோ போய்விட்டது, இப்போது யார்மீதும் எனக்கு ஒன்றும் கிடையாது.

மூன்று வாரமாக நீங்கள் மறுபடியும் காலையில் திடலுக்குப் போவதாகக் கேள்விப்பட்டேன். கட்சால் தீவு ரப்பர் தோட்டத்திலிருந்து வந்திருக்கிற அந்த ஆள், பெயர் சண்முகம் என்றார்கள். வேலிக்கு வெளியே நின்று இரண்டு நாள் பார்த்தேன். கால் நல்ல கால். "ஏலே" என்று நீங்கள் அவனைக் கூப்பிடுவது ரோடுவரை கேட்கிறது. அவனுடைய பாரம் மட்டும் இன்னும் ஆபீசுக்கு வரவில்லை. ஜெயமணியிடம் கொடுக்கவேண்டாம், மாஸ்டர். என் கையிலேயே கொடுங்கள்.